பாட்டில் வரும் கூரை

ரொசாரியோவின் ராப் பாட்டு எட்டு மாதமாக முதலிடத்தில் இருந்தது. "கூரை ஒழுகுச்சு, குடிச்சு வளந்தேன்" என்று வீடியோவில் தன் சொந்த நீச்சல்குளத்தில் நின்று கத்துவான். அந்தக் கூரையின் கீழே, காசிமேட்டில், அவன் அக்கா சகாயமேரி இன்னும் குடியிருந்தாள். பாட்டோடு சேர்த்து அந்த வீட்டையும் அவன் ஒரு பாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது என்பது ஒப்பந்தம். அவளுக்கோ வேறு போக்கிடம் இல்லை.

மழை நாளில்தான் வீட்டைச் சுற்றிப் பார்க்க ரசிகர்கள் அதிகம் வருவார்கள். அவர்கள் கண்ணில் மாட்டியிருக்கும் கம்பெனிக் கண்ணாடி வழியே பார்த்தால் சுவரெங்கும் பாட்டு வீடியோ ஓடும். ஒழுகும் இடத்தில் வரிசையாக நின்று வாயைத் திறப்பார்கள். மூலையில் இழுப்பு வந்து மூச்சுக்குத் தவிக்கும் சகாயமேரியின் மகள் ஸ்டெல்லாவைத் தாண்டித்தான் போவார்கள்.

சகாயமேரி தம்பிக்குப் போன் செய்தாள்.

"புள்ள மூச்சு வுட முடியாம கெடக்குதுடா. ஓட்டைய அடைக்கச் சொல்லு."

"பாட்டு எறங்கட்டும்க்கா. இப்ப அடைச்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"நீ எப்படா குடிச்சே? ஒழுகுற எடத்துல நான் படுத்துக்குனு, காஞ்ச பக்கம் உன்னப் படுக்க வச்சேன்டா, பரதேசி!"

போனை வைத்துவிட்டான்.

அவளே ஏறித் தகரம் அடித்தாள். ஸ்டெல்லா மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினாள். நான்காம் நாள் கம்பெனி ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். தகரத்தைத் தொடவில்லை. "சூப்பரா அடிச்சிருக்கக்கா" என்று பாராட்டிவிட்டு, அதற்கடியில் ஒரு தண்ணீர்க் குழாயைப் பொருத்திவிட்டுப் போனார்கள்.

இப்போது சித்திரை வெயிலிலும் ஒழுகுகிறது.