பூட்டிக் கிடந்த புகார்ப் பெட்டி

மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டுகிற இடத்தில், தொழிலாளர் கொட்டகையில் தொங்கிய புகார்ப் பெட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மாதமாக யாரும் அதைத் திறக்கவில்லை. உள்ளே ஒரு கரையான் சீட்டுகளைத் தின்றுகொண்டிருந்தது.

“அந்த ஒண்ணை மட்டும் விட்டுடு. சுரங்க வாசலுக்கு மேல பாறை ஆடுதுன்னு வேலையாட்களும் ஆடு மேய்க்கிற அன்னக்கொடியும் சேர்ந்து எழுதினது,” என்று பெட்டி கெஞ்சியது.

“இத்தனை நாள்ல இதையெல்லாம் தொட்டுப் பார்த்தது நான் ஒருத்திதான்,” என்ற கரையான், கடைசி மூலையையும் மென்றது.

மறுநாள் அதிகாரி வந்து திறந்தார். கொஞ்சம் மண்தான் இருந்தது.

“ஒரு புகாரும் இல்லை. எல்லாருக்கும் திருப்தி!” என்று எழுதிக்கொண்டு பூட்டினார்.

பெட்டி பலகை அதிரக் கத்தியது.

“காத்துல ஆடுது,” என்றபடி அவர் சுரங்க வாசலை நோக்கி நடந்தார்.