திருடன் வந்தால்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு சந்தனசாமி வாத்தியார் மனைவியையும் இரண்டு பெண்களையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயிலில், திருடன் சுவரில் கன்னம் வைத்த ஓட்டையை அடைத்த சேறு இன்னும் முழுக்கக் காயாமல் தெரிகிறது. "இனி திருடன் வந்தா, அமலராணி, நீ தங்கச்சியை இழுத்துக்கிட்டு அடுப்படிக்குள்ள போயித் தாப்பாளப் போட்டுக்கணும். அம்மா தாம்பாளத்தைத் தட்டணும். அந்தச் சத்தத்துல தெருவே கூடிரும்." ஜெபமாலையம்மாள் தலையாட்டுகிறாள். புதன்கிழமை திருடன் தோட்டைப் பிடித்து இழுத்ததில் அறுந்த காதில் மஞ்சள் பத்து காய்ந்து வெடித்திருக்கிறது. அவன் அவள் வாயைப் பொத்தியதும், அவளுடைய வளையல்கள் தரையில் அடித்துக்கொண்டதும் வாத்தியாருக்கு நன்றாகக் கேட்டது. அவன் போகிற வரைக்கும் அவர் பக்கத்துப் பாயில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் கிடந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது குரல் மட்டும் வகுப்பில் பேசுவதுபோலக் கணீரென்று வருகிறது. "எல்லாஞ் சரிதாங்க" என்று ஜெபமாலையம்மாள் பெரிய மகள் பக்கம் திரும்புகிறாள். "ஆனா மொதல்ல அப்பாவ எழுப்பிவிடு, அமலி. பாவம், அவுங்களுக்கு அசந்த தூக்கம்." அமலராணி அப்பாவைப் பார்க்கிறாள். "நல்லா உலுக்கி எழுப்பு" என்கிறார் வாத்தியார், தரையைப் பார்த்துக்கொண்டு.