ஈற்றடியில் ஒரு சீர்

குயிலைப் பாடாத புலவர் இல்லை. தையல்சிட்டைப் பற்றி ஒருவரும் ஓரடிகூட எழுதியதில்லை. அவள் குடியிருந்த மரத்திலோ எதையும் வெண்பாவில் சொன்னால்தான் காது கொடுப்பார்கள். ஆகவே, மரங்கொத்தியின் பொந்தை நோக்கிப் பாம்பு ஏறுவதைக் கண்ட சிட்டு, அவசர அவசரமாக ஒரு வெண்பாவைக் கட்டிக்கொண்டு அவரிடம் பறந்தாள்.

மரங்கொத்தி கண்களை மூடி, அலகால் கிளையைத் தட்டித் தட்டிச் சீர்களை எண்ணினார். பக்கத்திலிருந்த மைனா, “எதுகை தேவலை. மோனைதான் நொண்டுகிறது” என்றாள்.

“ஈற்றடிக்கு மூன்று சீர் வேண்டும், அம்மணி. இரண்டுதானே இருக்கிறது?” என்றார் மரங்கொத்தி.

“மூன்றாவதைத் தேடுவதற்குள் பாம்பு உங்கள் முட்டைகளை விழுங்கிவிடும், ஐயா!”

“இந்தப் பதற்றம்தான் ஓசையைக் கெடுக்கிறது” என்றாள் மைனா.

மரங்கொத்தி தலையசைத்துவிட்டு, முதலடியிலிருந்து மறுபடியும் தட்டத் தொடங்கினார். அவர் ஈற்றடிக்கு வந்து சேர்ந்தபோது, பாம்பு வயிறு புடைக்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை, காலிப் பொந்தின் வாசலில் உட்கார்ந்து, அந்த வெண்பாவில் பொருட்சுவை உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார்.

தையல்சிட்டு மறுநாளே ஆற்றோரப் புதருக்குக் குடிபெயர்ந்தாள். அங்கே அவள் “பாம்பு!” என்று கத்தினாலே எல்லாரும் பறந்துவிடுகிறார்கள். அதன்பிறகு அவள் வெண்பா பாடவில்லை.