ஆறு பல்லும் பழுப்பாக

"வெள்ளை வேண்டாங்க டாக்டரம்மா. பழுப்பாப் போட்டுடுங்க."

டாக்டர் பிரியதர்ஷினி சரியாகத்தான் கேட்டோமா என்று மாதையனை ஒரு தடவை பார்த்தார். தருமபுரியில் பல் வைத்தியம் பார்க்க ஆரம்பித்து எட்டு வருசம் ஆகிறது. வெள்ளையா, இன்னும் வெள்ளையா என்று கேட்டவர்கள்தான் எல்லாரும்.

மாதையனுக்கு இண்டூர் பக்கம் விவசாயம். மாட்டுக்குத் தீனி வைக்கும்போது அது தலையை ஆட்ட, கொம்பு நேராக வாயில் வந்து இடித்தது. மேல் வரிசை முன்பல்லில் ரெண்டு விழுந்துவிட்டது. நாலு அரைகுறையாக நின்றது. அதற்கெல்லாம் வைத்தியம் முடிந்து, ஆறுக்கும் சேர்த்துக் கேப் என்கிற பல் உறை மாட்டுவதுதான் பாக்கி.

"பழுப்புன்னா, லேசா மஞ்சளாங்களா?"

"இல்லீங்க. பழைய பல்லு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே. குறுக்கால கோடு கோடா இருக்குமே, அதுவும் வரணும்."

அந்த ஊர் போர்வெல் தண்ணியில் இருந்த புளோரைடு கொடுத்த கறை அது. ஒகேனக்கல் தண்ணி குழாயில் வருவதற்கு முந்திப் பிறந்தவர்கள் நிறையப் பேருக்கு வாய் அப்படித்தான்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ராஜாமணிக்குப் பொறுக்கவில்லை. அந்தம்மா ஆற்றோரத்து ஊர்க்காரர். பல் அத்தனையும் அரிசி மாதிரி இருக்கும்.

"இந்த மனுசன் பேச்சைக் கேக்காதீங்க டாக்டர். அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். சம்பந்தி வூடு பெங்களூரு. அவங்க குடும்பமே சிரிச்சா டியூப்லைட் போட்டாப்ல இருக்கு. இவரு இந்த வாயை வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு வாங்கன்னு கும்புடப் போறாரா?"

"பழைய வாயோடதானே பொண்ணு பேசி முடிச்சேன்? இப்ப வெள்ளையாப் போனா வேற ஆளுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார் மாதையன்.

"பாத்தீங்களா? இதுல நக்கல் வேற."

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் காதில் எல்லாம் விழுந்தது. ஒருத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "பழுப்புன்னா காசு கம்மியா இருக்குமோ என்னவோ."

"கம்மி இல்லீங்க, கோடு போடறதுக்கு லேப்ல வேலை அதிகம்" என்று டாக்டரே பதில் சொல்லிவிட்டு, மாதையன் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நல்லா யோசிச்சுக்குங்க. கேப் போட்டாப் போட்டதுதான். அப்புறம் தேச்சாலும் வெளுக்காது. கலரு மாத்தணும்னா ஒடச்சு எடுத்துட்டுப் புதுசுதான்."

"எத்தனை வருசம் வருங்க?"

"பத்துப் பதினஞ்சு வருசம். சுத்தமா வச்சுக்கிட்டா அதுக்கு மேலயும் வரும். கரும்பு, முறுக்கெல்லாம் முன்பல்லுல கடிக்கக் கூடாது."

"அதெல்லாம் கடிக்க மாட்டேனுங்க. பழுப்பே போடுங்க."

டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன குடும்பம் ஐயா இது? ஒங்க பொண்ணு காவியா போன மாசம் வந்து இதே ஆறு பல்லுக்கு வெள்ளைக் கேப் கேட்டாங்க. நாந்தான் வேண்டாம்னேன். கறைதானே ஒழிய பல்லு கல்லு மாதிரி இருக்கு. அதைப் போய் அரைக்கணும். ஒவ்வொரு பதினஞ்சு வருசத்துக்கும் மாத்தணும். இருவத்திநாலு வயசுல ஆரம்பிச்சா ஆயுசுக்கும் அதே வேலை. அவங்களும் சரின்னு போயிட்டாங்க. நல்ல பல்லுக்கு அவங்க வெள்ளை கேக்கறாங்க, புதுப் பல்லுக்கு நீங்க கறை கேக்கறீங்க."

"பாப்பா சொல்லுச்சுங்க" என்றார் மாதையன்.

ராஜாமணி குறுக்கே புகுந்தார். "அவளை என்ன பண்றதுன்னே தெரியல டாக்டர். நிச்சயதார்த்த போட்டோ அத்தனையிலும் வாயில கை. பொண்ணுக்குப் பல்லுவலியான்னு சம்பந்தியம்மா கேக்கறாங்க. அவளைத்தான் மாத்த முடியல, பெத்தவராவது பாக்கற மாதிரி இருக்க வேண்டாமா?"

மாதையன் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார். அளவு எடுங்கள் என்று அர்த்தம்.

பத்து நாள் கழித்து லேபிலிருந்து கேப் வந்தது. கறையும் கோடும் அச்சு அசல். டாக்டர் மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார். மாதையன் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"கூப்புடுங்க, வெளியதான் ஒக்காந்திருக்காங்க" என்றார்.

ராஜாமணி உள்ளே வந்தார். பின்னால் காவியா, துப்பட்டா நுனியை வாய்க்கு நேராகப் பிடித்தபடி.

மாதையன் ஆறு பல்லும் தெரிய 'ஈ' என்று காட்டினார்.

"கருமம்" என்றார் ராஜாமணி.

காவியா அப்பாவையே பார்த்தாள். கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இது என்னோட பல்லுப்பா. நடுவுல இருக்கற கோடுகூட என்னுதுதான்."

"ஒன்னுது எப்பிடி? எனக்கு இருந்ததுதான் ஒனக்கு வந்துச்சு. இப்ப நானே கேட்டு வாங்கினதாக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக, தோள் குலுங்கச் சிரித்தாள். துப்பட்டா எங்கேயோ போயிற்று. அந்தப் பெண் சிரித்து டாக்டர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சிரிக்கறா பாரு. அப்பனும் மகளும் ஜோடி போட்டுக்கிட்டுப் போய் மேடையில நில்லுங்க" என்று ராஜாமணி மகளிடம் சண்டைக்குப் போனார். அப்படியே டாக்டரையும் பிடித்துக்கொண்டார். "இந்தக் கண்றாவியை நான் எத்தனை வருசம் பாக்கணும் டாக்டர்?"

"பதினஞ்சு வருசம் தாங்கும்மா."

மாதையன் நாற்காலியை விட்டு இறங்கினார். செருப்பைத் தேடிக்கொண்டே, டாக்டருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அத்தனை எதுக்குங்க டாக்டரம்மா? போற எடத்துல பாப்பா கையை எடுத்துட்டுச் சிரிச்சுப் பழகற வரைக்கும் வந்தாப் போதும்."