நான்கு உள்ளங்கைகள்

மாலை வெயில் சாய்வாக விழும் படுக்கையறைச் சுவரின் முன்னால் பெயின்டர் தூரிகையை நனைக்காமலே நிற்கிறார். பழைய வெள்ளையில் எண்ணெய்ப் பிசுக்காக நான்கு உள்ளங்கைகள் தெரிகின்றன. இரண்டு உயரத்தில், பக்கத்தில் இரண்டு கொஞ்சம் தாழ. "என்னண்ணே, சுவரையா தள்ளினீங்க?" நாளெல்லாம் நின்றே முடிவெட்டும் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "ஆமாப்பா. போன வருஷம் வரைக்கும் நானும் என் சம்சாரமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி இப்படித்தான் காலை நீட்டி நிப்போம். இல்லாட்டி தூக்கத்துல கெண்டைக்கால் இழுத்துக்கிட்டு உயிரே போயிடும். குதிகாலைத் தூக்கினா மட்டும் அவகிட்ட திட்டு விழும்." உயரத்துக் கறைகளில் கைகளைப் பதித்து, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டிக் காட்டுகிறார். குதிகால் மெல்ல எழும்புகிறது. சட்டென்று பக்கத்துக் கறைகளைப் பார்த்துவிட்டு அதைத் தரையில் அழுத்துகிறார். பெயின்டர் டப்பாவை மூடுகிறார்.