ஊமையன் உட்காரும் இடம்

"மெதுவாப் பேசுங்க சார். உள்ள என் புள்ள வந்திருக்கான்" என்று உதட்டில் விரல் வைத்துச் சொன்னாள் தையல்காரம்மா.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பு மாடியில் குடியிருந்தவர் அவர். அவளுடைய பிள்ளை இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அவன் உடலை வண்டியில் ஏற்றிய நாலு பேரில் இவரும் ஒருவர்.

அவள் மகளின் அறையைக் காட்டினாள். சாத்திய கதவுக்கு முன்னால் ஊமையன் உட்கார்ந்திருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, கதவையே பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் இருந்தது.

அது அவருடைய நாய்தான். துறைமுகத்தில் அவரும் அதுவும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். வெளியூரில் இருக்கும் மகன் வீட்டோடு போகும்போது, "என்கூட டியூட்டி பார்த்தவன்மா, ரொம்ப சாது" என்று சொல்லி, ஒரு பழைய பந்தோடு அதை இவளிடம் விட்டுவிட்டுப் போனார். அதற்கு மேல் பேசுகிற ஆள் இல்லை அவர்.

நாய் அவருக்கு மேல். வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை. தபால்காரர் வந்தாலும் சரி, ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் ஆனாலும் சரி, வாலை ஆட்டிக்கொண்டு எதிரே போய் நிற்கும். "நாடு நாடாக் கப்பல்ல பெட்டி வந்து எறங்குமாமே, இந்த லட்சணத்துல இது அங்க என்னத்தைக் காவல் காத்துச்சோ!" என்று சிரித்துவிட்டு அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள்.

"என் புள்ள முகத்தைக்கூட இது பாத்ததில்ல சார்" என்றாள் இப்போது. "ஆனா வந்த மறுநாளே நேராப் போய் அவன் அலமாரி முன்னாடி உக்காந்துச்சு. இழுத்துப் பாத்தேன், வரல. பந்தைத் தூக்கிப் போட்டாத்தான் எந்திரிக்குது. சின்ன வயசுல சுவத்துல பந்தடிச்சு அடிச்சுத் தெருவுல இருக்கறவங்க கிட்ட எல்லாம் திட்டு வாங்குவான். இப்ப இது மூலமாப் பந்து கேக்கறான்."

சாயங்காலம் மிஷினை மூடிவிட்டு, ஊமையன் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையோடு பேசுவாளாம். ஒருவேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்டானா என்று திட்டுவாளாம். செத்தவனைத் திட்டுகிற சுகம் பெற்றவளுக்குத்தான் தெரியும்.

எஜமான் வந்தும் நாய் எழுந்து ஓடிவரவில்லை. ஒரு தடவை அவர் கையைப் பார்த்தது, மறுபடி கதவைப் பார்த்தது. அதற்காக வாங்கி வந்த பிஸ்கட் பொட்டலம் அவர் கையிலேயே நசுங்கியது.

மனுஷன் பயந்துவிட்டார், பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "எனக்கும் முதல்ல உடம்பெல்லாம் நடுங்குச்சு சார். இப்ப இது அங்க உக்காந்தாத்தான் எனக்கு நிம்மதி."

"அலமாரி முன்னாடின்னு சொன்னீங்க. இங்க எப்பலேருந்து?"

"போன வாரத்துலேருந்து. அண்ணன் ஞாபகமா இருக்கட்டும்னு பொண்ணு அவன் அலமாரியைக் குடைஞ்சு ஒரு ஸ்வெட்டரை எடுத்து வச்சுக்கிட்டா. அன்னிலேருந்து இது அலமாரிப் பக்கமே போகல, அவ பின்னாடியேதான். அவ ஒரு பயந்தாங்கொள்ளி. 'அந்த நாயை மொட்டை மாடியில கட்டும்மா'ன்னு ஒரே அழுகை. கூடப் பொறந்தவன் காவலுக்கு வந்திருக்கான், அவனைப் போய் விரட்டச் சொல்றியேடின்னு நல்லாச் சத்தம் போட்டேன்."

"பொண்ணு எங்கம்மா?"

"உள்ளதான். தலைவலின்னு காலேஜ்லேருந்து வந்ததும் தாப்பாள் போட்டுப் படுத்தா. சாப்பிடக் கூப்பிட்டேன், எந்திரிக்கல. தூங்கட்டும்னு விட்டுட்டேன். அவனும் அன்னிக்குத் தலைவலின்னுதான் சார் படுத்தான். தூக்கத்துலயே இதயம் நின்னு போச்சுன்னாங்க. ஓடியாடிட்டிருந்த புள்ளைக்கு இதயம் எப்படி நிக்கும்? இன்னிவரைக்கும் எனக்குப் புரியல."

பிஸ்கட் தரையில் விழுந்து சிதறியது. அவர் பாய்ந்து போய்க் கதவைத் தடதடவென்று தட்டினார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. ஓரடி பின்னால் வந்து தோளால் ஓங்கி இடித்தார்.

தையல்காரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிவந்து கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். வீடு தேடி வந்த பிள்ளையை இன்னொரு தடவை பறிகொடுக்க அவளால் முடியாது.

"உள்ள அவன் இருக்கான் சார்! விரட்டிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

இத்தனை அமளியிலும் ஊமையன் அசையவில்லை. பந்து வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நகருங்கம்மா! போதைப் பவுடர் வாசனை வந்தாத்தான் இவன் இப்படி உக்காருவான்!"