வெறும் ஆணி

மூக்கில் அடித்தாள்.

எலும்பு நகர்ந்தது கையுறைக்குள் இருந்த விரல்களுக்கே தெரிந்தது.

எதிரே நின்ற சகாயா ஓரடி பின்வாங்கினாள். வாயால் மூச்சை இழுத்தாள். இன்னும் ரத்தம் வரவில்லை.

வரும். அது இவளுக்குத் தெரியும். இந்தக் கூடத்தில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வடக்கே, பனி கொட்டும் ஊரில் நடக்கும் குத்துச்சண்டைப் பயிற்சி முகாம் இது. ஓராண்டாக இருவருக்கும் ஒரே அறை. தமிழில் பேச இவளுக்கு அவள், அவளுக்கு இவள். குளிர் ஏறினால் சகாயாவின் மூக்கிலிருந்து தானாகவே ரத்தம் ஒழுகும். சிறு வயதில் தூத்துக்குடிக் கடற்கரையில் அண்ணன் எறிந்த கல் பட்டு உடைந்தது, சரியாகக் கூடவில்லை. காலையில் தலையணை உறை சிவந்திருக்கும். முகாம் டாக்டர் கண்ணில் பட்டால் மூட்டை கட்டி ரயில் ஏற்றிவிடுவார். யாரும் எழுவதற்குள் அதை அலசிக் காயப்போடுவது இவள் வேலை.

அலசிய கைதான் இப்போது அடிக்கிறது.

ஆசியப் போட்டிக்கு இந்த எடையில் ஒருத்திதான் போக முடியும். இந்தச் சண்டையில் ஜெயிக்கிறவள் போவாள். மற்றவள் வீட்டுக்குப் போவாள்.

கூடத்தின் சுவரெல்லாம் படங்கள். ஆசியப் போட்டி, காமன்வெல்த், ஒலிம்பிக். முதலில் மீசை முறுக்கிய கறுப்பு வெள்ளை ஆண்கள். பிறகு வண்ணம். பிறகு பெண்கள். குத்துச்சண்டையில் நாடு வாங்கிய பதக்கமெல்லாம் எடைவாரியாக அங்கே தொங்குகிறது. இவர்கள் எடைக்கு நேராக மட்டும் ஒரு ஆணி இருக்கிறது. யாரோ நம்பி அடித்து வைத்த ஆணி. அதில் படம் இல்லை.

கோச் அதைக் காட்டித்தான் தினமும் திட்டுவார். நாடு என்று வந்துவிட்டால் நட்பாவது மண்ணாங்கட்டியாவது என்பார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய் டீ குடிப்பார்.

முதல் சுற்று சகாயாவுக்குப் போயிருந்தது. அவளுக்குக் கை நீளம். இவளுடைய உதடு பிளந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. இடைவேளையில் மூலையில் உட்கார்ந்து தண்ணீர் துப்பியபோது ஆணி கண்ணில் பட்டது.

அப்போதுதான் முடிவு செய்தாள். மணி அடித்ததும் நேராக மூக்குக்குப் போனாள்.

மறுபடியும் மூக்கில்.

இடது. இடது. பின்னாலேயே முழு உடம்பையும் போட்டு ஒரு வலது.

ரத்தம் வந்தது. உதட்டைத் தாண்டி, தாடையைத் தாண்டி, பனியனில் இறங்கியது. நடுவர் நிறுத்தினார். டாக்டர் மேலே ஏறி வந்து துடைத்துப் பார்த்தார். முடியுமா என்று கேட்டார். சகாயா முடியும் என்று தலையை அசைத்தாள்.

முடியும் என்றதில் இவளுக்குக் கோபம் வந்தது. விழுந்து தொலைய வேண்டியதுதானே.

ஒவ்வொரு வலதுக்கும் இவளுடைய வலது விலா திறந்து கிடந்தது. போன வாரம் பயிற்சியில் கனத்த எடைக்காரி ஒருத்தி குத்திய இடம். உள்ளே விரிசல். கோச்சிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. பனியனுக்கு அடியில் டேப் சுற்றியிருந்தது. ஒரு குத்து போதும், சுருண்டு விழுந்துவிடுவாள். அப்படி விழுந்தால் எழ முடியாது.

சகாயாவின் இடது கை அந்த விலாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் குத்து முகத்துக்கே வந்தது. மறுபடியும் முகத்துக்கே.

ரத்தத்தில் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். நல்லது என்றும் நினைத்தாள்.

மூக்கில் அடித்தாள்.

இந்த முறை சத்தம் கேட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடுவரின் வெள்ளைச் சட்டையில் சிவப்பு தெறித்தது. ஸ்டாப் என்றார். அது காதில் விழுந்தது.

விழுந்த பிறகும் ஒன்று அடித்தாள்.

நடுவர் அவளைப் பிடித்துத் தள்ளி எச்சரித்தார். டாக்டர் மறுபடி ஏறி வந்தார். போதும் என்று கையைக் காட்டினார்.

சண்டை முடிந்தது.

இருவருக்கும் நடுவில் நின்று நடுவர் இவளுடைய வலது கையைப் பிடித்து மேலே தூக்கினார். விலாவில் கத்தி இறங்கியது. கண் இருட்டியது.

அந்த இருட்டில்தான் உறைத்தது. அந்த இடத்தில் இன்று ஒரு அடிகூட விழவில்லை.

காலையில் டேப் சுற்றிவிட்டது சகாயா.

எந்த எலும்பு என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டவள். நடுவர் தடவிப் பார்த்தாலும் தெரியாதபடி ஓரத்தையெல்லாம் அழுத்தி விட்டவள். டாக்டரிடம் ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும், வளையத்துக்குள் வராமலே அவள் ஜெயித்திருப்பாள்.

கோச் ஆணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ முதுகில் தட்டினார்கள்.

உடை மாற்றும் அறையில் இவள் தனியாக நின்றாள். பனியனைக் கழற்ற முடியவில்லை. கை தோள் உயரத்துக்குக்கூட எழவில்லை. யாரையும் கூப்பிடவும் முடியாது. டேப்பைப் பார்த்தால் விஷயம் டாக்டருக்குப் போகும், ஆசியப் போட்டியும் அதோடு போகும்.

கதவு திறந்தது.

சகாயா உள்ளே வந்து தாழ் போட்டாள். மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சு. கண்ணுக்குக் கீழே நீலம் கட்டத் தொடங்கியிருந்தது. கையில் கத்தரிக்கோல்.

இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சகாயா பக்கத்தில் வந்தாள். பஞ்சு அடைத்த குரலில் சொன்னாள்.

"ஏட்டி, கையத் தூக்கு. ஆளு வரதுக்குள்ள வெட்டி எடுத்துருதேன்."

சற்று முன்னால் நடுவர் தூக்கிய அதே கை.

இவளால் தூக்க முடியவில்லை.